அப்பத்தோடு நின்ற ஜெபம்

களக்காட்டைத் தாண்டி ஒரு மைல் வந்திருந்தேன். கக்கத்தில் துணிமூட்டை. சேரன்மாதேவிப் பாதையில் வேகமாக நடந்தேன். ஆற்றைக் கடந்துவிட்டால் யாரும் தேடி வரமாட்டார்கள். அன்று மத்தியானம்தான் என் உபதேசியார் வேலை போனது.

அதற்கு முன் காயல்பட்டினத்தில் மூட்டை சுமந்தேன். கொழும்பில் ஒரு சமையல்காரனுக்கு வெங்காயம் உரித்தேன். இரண்டும் நிலைக்கவில்லை. மூன்றாம் வகுப்புவரை படித்தவன் என்பதால், காய்ச்சலில் படுத்த உபதேசியாருக்குப் பதிலாக, களக்காட்டுக்குத் தெற்கே ஒரு பனங்காட்டுக் குடியிருப்புக்குச் சபையார் என்னை அனுப்பினார்கள். கிறிஸ்தவ வேதத்தில் சேர விரும்பிய பனையேறிகளுக்குப் பரமண்டல ஜெபத்தை மனப்பாடம் செய்விக்க வேண்டும். அதை ஒப்பித்தால்தான் போதகர் ஞானஸ்நானம் கொடுப்பார்.

ஜெபம் அச்சடித்த தாள் ஒன்றைத் தந்திருந்தார்கள். வழியில் பொரிகடலை வாங்கினேன். மடிக்க ஒன்றும் இல்லை. தாளின் கீழ்ப்பாதியைக் கிழித்தேன். கடலை நன்றாகத்தான் இருந்தது. மேல்பாதி, அன்றாட அப்பத்தைக் கேட்கிற இடத்தோடு நின்றது. மீதி எனக்கும் தெரியாது; நானே ஓர் ஆமென் போட்டு முடித்துவைத்தேன்.

மூன்று பேருக்குச் சொல்லிக்கொடுத்தேன். முதல் ஆள் சுடலைமுத்து. பனையேறிகள் விடியுமுன்பே மரத்துக்குப் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் எழுவது எனக்கு ஒத்துவரவில்லை. அவர்களே மரத்தடியில் கூடி ஜெபித்துக்கொண்டார்கள். நான் கண் விழிக்கும்போது பதநீர் வந்திருக்கும். ஆறு மாதம் இப்படிப் போயிற்று.

அன்று போதகர் பாடம் கேட்க வந்தார். ஓலைக் கூரையின் கீழ் இருபத்திரண்டு பேர் எழுந்து நின்றார்கள். ஒரே குரலில் அப்பம்வரை வந்து, கூரை அதிர ஆமென் சொல்லி உட்கார்ந்தார்கள்.

போதகர் காத்திருந்தார். "மீதி எங்கப்பா?"

"அவ்வளவுதான் ஐயா," என்றார் சுடலைமுத்து. "சோறு தந்த பொறவும் கேட்டுக்கிட்டே இருந்தா சாமி நம்மள என்ன நெனைப்பாரு?"

போதகர் என் பக்கம் திரும்பினார். பொய் ஒன்றும் சட்டென்று அகப்படவில்லை. கடலையைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

"ஆத்துமாக்களப் பட்டினி போட்டுட்டு நீரு கடலை தின்னீராக்கும்!"

ஞானஸ்நானம் தள்ளிப்போனது. அதற்கென்று சுடலைமுத்து புது வேட்டி வாங்கி வைத்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்காமல் கிளம்பினேன். இனி இந்தக் கூட்டம் கலைந்துபோகும், கலைத்தவன் நான் என்ற நினைப்பு மூட்டையைவிடக் கனத்தது.

"வே உபதேசியாரே! நில்லும்வே!"

சுடலைமுத்து ஓடி வந்தார். இடுப்பில் பாளை சீவும் அரிவாள். நானும் ஓடினேன். பனையேறுகிற காலுக்கு முன் என் கால் எம்மாத்திரம்? குளத்துக் கரையில் பிடித்துவிட்டார்.

"எதுக்குவே ஓடுதீரு?"

"அரிவாள்..."

"சாயந்திரம் மரம் ஏறணும்லா, அதான் இடுப்புல கெடக்கு. ஐயா மீதி ஜெபத்தையும் சொல்லித் தந்துட்டாரு. நமக்குத் தப்பு செஞ்சவன நாம மன்னிக்கணும்னு அதுல வருது. அந்த எடத்துல எல்லாரும் நின்னுட்டோம். கண்ண மூடுனா உம்ம மூஞ்சிதான் தெரியுது. உம்மள மன்னிக்காம ஆமென் வரமாட்டேங்குதுவே."

"மன்னிச்சாச்சா?"

"முக்காவாசி. இங்கன வரைக்கும் ஓடவிட்டீரு பாரும், அதுக்குக் கொஞ்சம் பாக்கி."

"ஞானஸ்நானம்?"

"அடுத்த மாசம் மறுபடி பாடம் கேப்பாராம். ஒருத்தரும் கலையல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "நான் மூணு பேருக்குத்தான சொல்லித் தந்தேன். மத்த பத்தொம்பது பேருக்கு யாரு சொன்னா?"

"மரத்தடியில நாங்க சொல்லுதத நின்னு கேட்டாவ. பொறவு அவியளும் சேந்துக்கிட்டாவ. நீரு தூங்குனீரு. சாமி தூங்கலயே!"

நான் கிழித்த இடத்தில்தான் அத்தனை பேரும் நின்றார்கள். ஆனால் அந்த அரைத்தாளை வைத்தே மூன்று பேரை இருபத்திரண்டு பேர் ஆக்கியது நானில்லை. அதற்குப் பிறகு எந்த வேலையிலும், நான் இல்லாவிட்டால் ஆகாது என்று நினைத்ததில்லை.

மூட்டையோடு திரும்பினேன். மறுநாள் காலை, சுடலைமுத்து வீட்டில் பதநீர் காய்ச்சும் அடுப்புக்கு ஓலை தள்ளும் வேலையில் சேர்ந்தேன். விடியுமுன்பே எழ வேண்டியிருந்தது. அவர் மனைவி பதநீரைக் கிண்டிக்கொண்டே ஜெபத்தின் மீதிப் பாதியை எனக்குச் சொல்லித் தந்தாள். அவள் கையில் சூடான அகப்பை இருந்தது. எனக்கு ஒரு வரியும் தப்பவில்லை.