சித்தப்பாவின் கற்களை அம்மா கழுவிய பொங்கல்

புளியும் செங்கல் பொடியும் கலந்த ஈர வாசனை... பொங்கலுக்கு முந்தின வாரம் எங்கள் திருநகர் வீட்டுக் கொல்லை முழுக்க அதுதான்.

எண்பதுகளின் நடுவில் என்று நினைவு. ஜியாலஜி ஆராய்ச்சிக்காகக் கனடா போன சித்தப்பா முதல் லீவில் வந்திருந்தார். பண்டிகைக்காக மட்டும் இல்லை. கனடா போகுமுன் மதுரையைச் சுற்றிச் சைக்கிளில் அலைந்து பொறுக்கி, எங்கள் வீட்டில் ஒரு பெட்டியில் வைத்துவிட்டுப் போன கற்களை எடுத்துப் போக. அவருடைய பட்டமே அந்தக் கற்களை நம்பித்தான் இருந்தது.

ஒவ்வொரு கல்லிலும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு பொட்டு, அதன்மேல் கறுப்பு மையில் நம்பர். எந்த நம்பர் எந்த ஊர்க் கல், என்ன நிறம் என்பதெல்லாம் தனித் தாள்களில்.

பெட்டியைத் திறந்தார். கற்கள் மின்னின. ஒரு நம்பர்கூட இல்லை.

"மதினி... இதுல எழுதியிருந்துச்சே?"

"ஒரே அழுக்கு தம்பி. பித்தளைப் பாத்திரத்தோட சேத்து நல்லா தேய்ச்சு வச்சேன். அம்புட்டு லேசுல போகல, தெரியுமா!"

"எந்த ஊருன்னு தெரியாட்டி இது வெறும் ஜல்லி மதினி..."

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. அதைப் பார்த்துத்தானோ என்னவோ, சித்தப்பா எழுந்து தாள்களை வெயிலில் பரப்பினார். ஒரு கல்லை எடுத்தார். நக்கினார்.

ஈரம் பட்டால் கல்லின் நிறம் தெளியுமாம். ஜியாலஜிக்காரர்கள் எல்லாரும் செய்வதுதானாம். எங்களுக்கு அது தெரியுமா? நக்குவார், லென்ஸில் பார்ப்பார், தாளில் தேடுவார், "அழகர்கோயில்!" என்று கத்துவார்.

"தண்ணி கொண்டாரேன் தம்பி, நக்காதீக."

"வேணாம் மதினி, நீங்க கழுவுனது போதும்!"

பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, உங்க கொழுந்தன் கல்லைத் திங்கிறாரு?"

"அங்கிட்டு ஒழுங்கா சோறு போடல போல" என்றாள் அம்மா. சித்தப்பாவுக்குப் புரையேறிவிட்டது.

சாயங்காலத்துக்குள் எல்லாக் கல்லும் ஊர் சேர்ந்தது, இரண்டைத் தவிர. அவற்றையும் வேட்டியில் சுற்றி எடுத்துப் போனார். பட்டம் வாங்கினார், அங்கேயே இருந்துவிட்டார்.

சித்தப்பா இப்போது இல்லை. அவருடைய தாள்களும் கற்களும் அவர் படித்த யுனிவர்சிட்டியின் காப்பகத்தில் இருக்கின்றன. ஸ்கேன் செய்து நெட்டிலும் போட்டிருக்கிறார்கள். போன வாரம் தேடிப் பார்த்தேன். அந்த இரண்டு கற்களின் படத்துக்குக் கீழே அவர் கையெழுத்தில் இங்கிலீஷில் ஒரு குறிப்பு: "ஊர் தெரியாது. மதினி கழுவியவை." மதினி என்ற சொல் மட்டும் தமிழில்.

அன்றைக்கு ஒரு கல்லை அறிய நாக்கு போதுமாக இருந்தது. இன்றைக்குப் போனில் எவ்வளவு பெரிதாக்கினாலும் கல் காய்ந்தேதான் கிடக்கிறது...

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"பாரு... இன்னும் பளபளன்னு இருக்கு."