நான் கணக்கில் கெட்டிக்காரனாக இருந்த காலை

கணக்கென்றால் எனக்கு இன்றைக்கும் உள்ளங்கை வேர்க்கும். ஆனாலும் சிறுவயதில் ஒரேயொரு காலை, கொழும்பே அஞ்சும் கணக்குக்காரனாக இருந்திருக்கிறேன்.

கொழும்பு கொட்டாஞ்சேனைப் பாடசாலையில் எனக்குக் கடைசி வாங்கில்தான் இடம். எங்கள் குடும்பம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தது. "உங்கட ஆக்களுக்குக் கணக்கு ஓடாது தம்பி, நீ சும்மா இரு" என்பார் கணக்கு சேர், கோபமே இல்லாமல். மழை வருமென்று வானொலி சொன்னால் நம்புவதுபோல நானும் நம்பினேன். சோதனைத் தாளைக் கண்டதும் தெரிந்த கணக்கும் ஓடிவிடும்.

ஒருநாள் ஒரு சிங்களப் பாடசாலையில் கரும்பலகைக் கணக்குப் போட்டி. சிங்களம் நன்றாகப் பேசுவேன் என்பதால் சேர் என்னையும் கூட்டிப்போனார். போன இடத்தில் எங்கள் வகுப்பின் முதல் மாணவன், வழியில் தின்ற ரோல்ஸை எல்லாம் வாந்தியெடுத்துவிட்டான். வேறு ஆளில்லை.

"போடா, பேருக்கு நில்லு" என்று சோக்கட்டியைக் கையில் திணித்தார்.

சோக்கட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கரும்பலகை முன்னால் போய் நின்றேன். எதிரே கண்ணாடி போட்ட நெட்டைப் பையன். அவனுடைய கூட்டாளிகள் சிங்களத்தில் கிசுகிசுத்தார்கள்: "கவனம் மச்சான்! தமிழ்ப் பிள்ளைகள் கணக்கில பேய்கள்!"

யாரந்தப் பேய் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது. அட, என்னைத்தான்! மலைநாடோ, கணக்குக்குப் பேர்போன யாழ்ப்பாணமோ, அவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். வகுப்பில் என்னைக் கண்டாலே முறைக்கும் பின்னங்கள் அன்று வாலாட்டிக்கொண்டு வந்தன. நெட்டையன் என்னை எட்டிப் பார்ப்பதும், எழுதுவதும், அழிப்பதுமாகவே நின்றான். வென்றுவிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் சேர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உண்மையைச் சொல்லு. அம்மா யாழ்ப்பாணமோ?"

"இல்ல சேர், பண்டாரவளைத் தோட்டம்."

அதற்குப் பிறகு அவர் ஜன்னலைத்தான் பார்த்தார். அடுத்த வாரம் மறுபடியும் அதே கடைசி வாங்கு. அடுத்த சோதனையில் வழக்கம்போலக் கோட்டைவிட்டேன். அந்தக் கரும்பலகைதான் ராசியானது, அந்தப் பாடசாலையிலேயே சேர்த்துவிடுங்கள் என்று அம்மாவை நச்சரித்தேன்.

அன்று போட்டி முடிந்ததும் நெட்டையன் எனக்குக் கைகொடுத்திருந்தான். அவனுடைய உள்ளங்கை என்னுடையதைவிட அதிகமாக வேர்த்திருந்தது. அன்றைக்கு வெயில் அதிகம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.