தராசில் வைக்காத சிறுகிழங்கு

என் மகளுக்குக் கிழங்கு என்றாலே ஆகாது. சேனை எரிசேரி வைத்த நாளில் தட்டின் ஓரத்துக்கு அதைத் தள்ளிவிட்டு, அப்பளத்தையும் மோரையும் வைத்துச் சோற்றை முடித்துக்கொள்கிறவள். கல்யாணமாகி மஸ்கட் போன பிறகும் அந்தக் குணம் மாறவில்லை. அப்படிப்பட்டவள் புரட்டாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டு, "அம்மா, சந்தையில சிறுகிழங்கு வந்தாச்சா?" என்று கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்?

நான் அப்போது வடசேரி உழவர் சந்தைக்குள் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் குடை, ஒரு கையில் பை, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன்.

"இப்பமேவா? அதுக்குக் கார்த்திகை பிறக்கணும். உனக்கு எதுக்குட்டி சிறுகிழங்கு?"

"சும்மாதான். வீடியோவுல வா. என்னெல்லாம் வந்திருக்குன்னு காட்டு."

காட்டினேன். சேற்றோடு கிடந்த சேனை, காய்ச்சில்கிழங்கு, சேம்பு, வெள்ளைப் பொடி பூத்த தடியங்காய்ப் பூசணி, நார்த்தங்காய்க் குவியல், ஓலைத் தட்டியில் தொங்கிய செந்தொளுவன் வாழைக்குலை. ஒவ்வொன்றின் முன்னும் போனை நீட்டிக்கொண்டு நடந்தேன். பள்ளிக்கூடத்தில் என்னிடம் படித்த ஒருவன் எதிரே வந்து, "டீச்சர் யூடியூப் தொடங்கிட்டீங்களா?" என்று கேட்டான். அவனை முறைத்து அனுப்பினேன். மகளோ விலை கேட்டாள், காய் இளசா முத்தலா என்று கேட்டாள், பேச்சு முடிந்ததும் வைத்துவிட்டாள். வேறு ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த ஞாயிறும் இதே கதை. அதற்கடுத்த ஞாயிறும்.

நான் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். விடை தெரியாத கணக்கு கண்ணெதிரே கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது. இந்தக் கணக்கில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வேலையில் ஏதும் பிரச்சினையா? மருமகனோடு சண்டையா? அவரிடமே கேட்கலாம் என்றால் அவர் போனை எடுத்து, "நல்லா இருக்கோம் அத்தே" என்பதோடு சரி. வாயில் கொழுக்கட்டை வைத்த மனிதர்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பேப்பரைத் தாழ்த்தாமலே, "பிள்ளைக்கு ஊரைப் பாக்க ஆசையா இருக்கும். அதுக்கு இவ்ளோ ஆராய்ச்சியா?" என்றார். இவரிடம் போய்ச் சொன்னேனே என்று என்னையே நொந்துகொண்டேன்.

விடையைச் சொன்னது கிழங்குக்கார அக்காதான். பூதப்பாண்டிப் பக்கமிருந்து விடியுமுன்னே சாக்குகளோடு வந்துவிடுவாள். மூன்று வாரமாக நான் போனை நீட்டிக்கொண்டு அலைவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"டீச்சரே, பிள்ளை முன்ன கிழங்கு திங்குமா?"

"தொடமாட்டா."

"பின்னே என்ன யோசனை? இது மசக்கையாக்கும்."

எடுத்த சேம்பைத் திரும்பச் சாக்கிலேயே போட்டேன். "அவ ஒண்ணும் சொல்லலையே" என்றேன்.

"மூணு மாசம் தெகையாம யாரு வெளிய சொல்லுவா? நீங்க சொன்னீங்களா?"

நானும் சொல்லவில்லைதான். என் அம்மாவுக்கே மூன்றாம் மாதம் முடிந்துதான் சொன்னேன். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம், கண்ணேறு பட்டுவிடும் என்று பயம். மகளுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். கோயிலில், கடையில், கல்யாண வீட்டில் பார்க்கிறவர்களெல்லாம் "பிள்ளைக்கு விசேஷம் உண்டா?" என்று என்னைக் கேட்பார்கள். அதை அப்படியே நான் அவளிடம் கேட்பேன். கொஞ்ச நாளாக நான் கேட்கவில்லை என்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எங்கே கேட்க விட்டாள்? போனை எடுத்ததுமே கிழங்குதானே பேச்சு.

அக்கா சொன்னது வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "சிறுகிழங்கு வரட்டும், பிள்ளைக்குன்னு எடுத்து வைக்கேன்" என்றாள் அவள். "மசக்கைக்காரி ஆசைப்பட்டதைத் தராசுல வைக்கப்பிடாது டீச்சரே. எங்க அம்மை வைக்க மாட்டா, நானும் வைக்க மாட்டேன்."

ஆனால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் கணக்கு மறுபடி இடித்தது. மசக்கை என்றால் வாந்தி, தலைசுற்றல் என்று ஏதாவது வேண்டாமா? இவள் கட்டன்காப்பியைக் குடித்துக்கொண்டே பேசுகிறாள். நர்ஸ் வேலை, அதுவும் நைட் டூட்டி போட்டுக்கொண்டிருக்கிறாள். நார்த்தங்காயைக் காட்டினால் வாயில் எச்சில் ஊறும் என்று பார்த்தேன், "ம்" என்று அடுத்ததற்குப் போய்விட்டாள். உண்டு என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

இதற்கிடையில் ஒரு நாள், "லீவு கிடைச்சிருக்கு, வாறேன். என்னைக்குன்னு கேக்காத" என்றாள். மருமகன் வரவில்லையாம். நான் உடனே மட்டிப்பழம் வாங்க ஓடினேன். கிழங்கு ஆகாதவளுக்கு மட்டிப்பழம் என்றால் உயிர். பழக்காரர் வழக்கம்போல, "என்னைக்குத் திங்கதுக்கு?" என்று கேட்டார். நாளைக்கு என்றால் ஒரு சீப்பு, நாலு நாள் கழித்து என்றால் வேறு சீப்பு, பார்த்துத் தருவார். நான் முழித்தேன்.

"தெரியலையே."

"தெரியாம எப்பிடித் தருவேன் டீச்சரே? மட்டி நமக்காகக் காத்திருக்குமா?"

பழுத்ததில் ஒரு சீப்பும் காயில் ஒரு சீப்பும் வாங்கி வந்தேன். இரண்டும் பழுத்தன. அவள் வரவில்லை. நானும் வீட்டுக்காரருமே தின்று தீர்த்தோம். சுகர் ஏறினால் நான்தான் பொறுப்பு என்று அவர் தினமும் சொல்லிக்கொண்டே தின்றார்.

கார்த்திகை பிறந்து ஒரு சனிக்கிழமை, திருவனந்தபுரத்திலிருந்து டாக்ஸி வந்து வாசலில் நின்றது. இறங்கியவளின் முகத்தைப் பார்க்குமுன் நான் வயிற்றைத்தான் பார்த்தேன். சுடிதார் தொளதொளவென்று இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. அதற்கப்புறம் முகத்தைப் பார்த்தேன். மெலிந்திருந்தாள். மசக்கையில் மெலிவது உண்டுதானே என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவளாகச் சொல்லட்டும் என்று அன்றைக்கு முழுக்க வாயை இறுக்கி வைத்திருந்தது எனக்குத் தெரிந்த அளவில் பெரிய சாதனை.

மறுநாள் ஞாயிறு. "நானும் சந்தைக்கு வாறேன்" என்று அவளே கிளம்பினாள்.

சிறுகிழங்கு வந்திருந்தது. ஈரமண் ஒட்டிய சின்னச் சின்ன உருண்டைகள், சாக்கில் கொட்டிக் கிடந்தன. அக்கா எங்களைக் கண்டதும் எழுந்தே விட்டாள்.

"இதாக்கும் நம்ம பிள்ளையா? வா மக்களே. உனக்குன்னு சொல்லித்தான் இந்தப் பாத்தியை முதல்ல கிண்டுனேன்."

தராசை ஒதுக்கி வைத்துவிட்டு இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பையில் போட்டாள். "வயித்துப் பிள்ளைக்கு ஆசைப்பட்டது. நிறைய தின்னணும், கேட்டியா?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் தராசைப் பார்த்தேன். அவள் ஒன்றும் மறுத்துச் சொல்லவில்லை. பையின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு, "போதும் அக்கா, நிறைய இருக்கு" என்றாள். சிரிக்கவும் செய்தாள். அப்பாடா, மறுக்கவில்லை, அப்படியென்றால் உண்மைதான் என்று எனக்கு உடம்பெல்லாம் பூரித்தது.

வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மூடிக்கிடந்த ஒரு கடையின் முன்னால் ஒதுங்கி ஆட்டோவுக்காக நின்றோம்.

"அந்த அக்காட்ட நீதான் சொன்னியா?" என்றாள்.

"அவளாத்தான் சொன்னா. நான் இல்லைன்னு சொல்லல. ஏன் மக்களே, இன்னும் மூணு மாசம் தெகையலையா?"

அவள் மழையைப் பார்த்துக்கொண்டே, "உண்டாயிருந்தது உண்மைதான்மா. புரட்டாசியிலயே போச்சு" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவள் பக்கம் திரும்பினேன்.

"நீ எப்பக் கூப்பிட்டாலும் விசேஷம் உண்டான்னு கேப்ப. அதைக் கேட்டா என்னால தாங்க முடியாதுன்னு இருந்துச்சு. கிழங்கைப் பத்திக் கேட்டா நீ கிழங்கையே பேசிட்டு இருப்ப. அதான் முந்திக்கிட்டுக் கேட்டேன்."

"அக்காட்ட அப்பமே சொல்லியிருக்கலாமே" என்றேன். என்ன பேசுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

"அவ்ளோ சந்தோஷமா அள்ளிப் போட்டாங்க. எப்பிடிம்மா சொல்ல?"

கேட்க எத்தனையோ இருந்தது. பக்கத்தில் யார் இருந்தார்கள், எத்தனை நாள் படுத்திருந்தாய், யார் கஞ்சி வைத்துத் தந்தார்கள், ஏனடி என்னிடம் சொல்லவில்லை. எதைக் கேட்டாலும் அவளுக்கு வலிக்கும் என்று மட்டும் தெரிந்தது. பையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"சிறுகிழங்கை அவிக்கவா மக்களே, பொரிக்கவா?" என்றேன்.

"பொரிம்மா. தேங்காய் நிறையப் போட்டு" என்றவள், அப்படியே என் தோளில் சாய்ந்து அழத் தொடங்கினாள்.