பரணிலிருந்து இறங்கிய தைல வாசனை

அன்றைக்கு எங்கள் கடைவீட்டில் இருந்தவர்களை முதலில் எண்ணிச் சொல்லிவிடுகிறேன். முன்கடையில் உம்மா. லைனிங் துணி வாங்க வந்திருந்த பக்கத்து வீட்டுத் தையல்காரி. கல்லாவுக்குப் பின்னால் முக்காலியில் நான். மேலே பரணில் மாமா. பிறகு உள்ளே வந்த போலீஸ்காரர்கள் இரண்டு பேர். ஆக ஆறு. வாப்பா இல்லை. வெள்ளிக்கிழமை மதியம், ஜும்ஆ தொழுகைக்குப் பள்ளிவாசல் போயிருந்தார்.

எங்கே போனாலும் இருக்கிறவர்களை எண்ணிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிப் போயிற்று. கல்யாண வீட்டில் எண்ணுவேன், பஸ்ஸில் எண்ணுவேன், என் சொந்த வீட்டிலேயே கதவைச் சாத்துமுன் எண்ணுவேன். பிள்ளைகள் சிரிக்கும். சிரிக்கட்டும். அந்த வெள்ளிக்கிழமையை மட்டும் எத்தனை தடவை எண்ணினாலும் ஆறுதான் வருகிறது. ஏழாவதாக வாப்பாவும் இருந்திருக்கக் கூடாதா என்று நினைக்காத நாள் இல்லை. இருந்திருந்தால் கல்லாவைத் திறந்து போலீஸ்காரர்களிடம் ஒரு கவரை நீட்டியிருப்பார்.

சைகோனில் பெரிய சந்தைக்குப் பின்தெருவில் எங்களுக்குத் துணிக்கடை. கீழே கடை, பின்னால் அடுப்படியும் படுக்கிற இடமும், மேலே பலகைப் பரண். வாப்பாவுக்கு ஊர் காரைக்கால். உம்மா அந்த நாட்டுக்காரி, நிக்காஹ் முடித்து வந்த பிறகு வாப்பாவிடம் தமிழ் பேசக் கற்றவள். மாமா உம்மாவின் கடைசித் தம்பி, பத்தொன்பது வயது. சண்டை மும்முரமாக நடந்த காலம் அது. அந்த வயதுப் பையன்களைத் தேடிப் பட்டாளத்துக் காகிதம் வரும். உம்மாவின் அண்ணன்மார் இருவர் அப்படிப் போய்த் திரும்பவில்லை. மாமாவுக்குக் காகிதம் வந்தபோது உம்மா அதை அடுப்பில் போட்டுவிட்டு, அவரைப் பரணில் ஏற்றி, ஏணியை எடுத்துத் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் மறைத்துவிட்டாள். பிடித்தால் நேரே பட்டாளம்தான்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "மாமா மேல இருக்காஹன்டு யார்ட்டயும் மூச்சு விடப்படாது." ஏன் என்று வாப்பா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பயந்த பிள்ளைகள் கேள்வி கேட்பதில்லை, தாங்களாகவே ஒரு பதிலை யோசித்து வைத்துக்கொள்ளும்.

எண்ணெய்கள் மாமாவுக்காக வந்தவை அல்ல, முன்பே இருந்தவை. உம்மாவின் ஜனங்களுக்கு எல்லா நோவும் காற்றால் வருவது. மழையில் நனைந்தாலும் காற்று, வெயிலில் அலைந்தாலும் காற்று. உள்ளே புகுந்ததை எண்ணெய் போட்டு வெளியே விரட்ட வேண்டும். அடுப்படிப் பலகையில் மூன்று புட்டிகள் நிற்கும். பச்சை நிறத்தில் சுள்ளென்று மூக்கில் ஏறுவது ஒன்று. தலைவலிக்கு நெற்றிப்பொட்டில், பஸ்ஸில் குமட்டினால் மூக்கடியில், கொசு கடித்தால் கடித்த இடத்தில். யூகலிப்டஸ் ஒன்று. கொதிக்கிற தண்ணீரில் நாலு சொட்டு விட்டுப் போர்வைக்குள் ஆவி பிடிக்க. மூன்றாவது, ச்சாம் என்று சொல்லும் மரத்தின் இலையைக் காய்ச்சி இறக்கிய தைலம். பிறந்த குழந்தையின் உள்ளங்காலில்கூடத் தடவலாம், அத்தனை சாது. "ஒங்கும்மா கொண்டாந்த சீதனம் மூணு புட்டி எண்ணெய்தான்" என்று வாப்பா கேலி செய்வார். ஆனால் சளி பிடித்தால் அவரே முதலில் போய்ப் புட்டியை எடுப்பார்.

மாமாவுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு நோய். பரணில் காற்றில்லை. துணித்தூசும் ரசகற்பூர உருண்டையும் சேர்ந்து அவர் நெஞ்சை அடைத்தன. இருமினால் தெருவுக்குக் கேட்கும். அதனால் காலையும் மாலையும் நெஞ்சில் ச்சாம் தைலம், தலைமாட்டில் யூகலிப்டஸ் நனைத்த துணி. இருமல் அடங்கிவிட்டது. வாசனை அடங்கவில்லை. பலகை இடுக்குகள் வழியாக அது கடைக்குள் இறங்கியது. பட்டுத்துணி, வாயில் துணி, லைனிங் எல்லாம் ஆஸ்பத்திரி மாதிரி மணத்தன. துணி எடுக்க வந்தவர்கள் முகர்ந்து பார்த்துவிட்டு, "வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்டார்கள்.

வாப்பா உம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "நோவு யாருக்குன்டு கேக்குறாஹ. காட்டுறதுக்கு ஒரு ஆள் வேணும்ல?"

அந்த ஆள் நானாகிவிட்டேன். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் இல்லை. கழுத்தில் துண்டு கட்டி, நெற்றிக்கும் தொண்டைக்கும் உள்ளங்காலுக்கும் எண்ணெய் தடவி, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி முக்காலியில் உட்கார வைத்தார்கள். வாரம் ஒருமுறை உம்மா என்னைக் குப்புறப் படுக்கவைத்துக் காற்று இறக்குவாள். முதுகில் எண்ணெய் பூசி, பழைய பிரெஞ்சு வெள்ளிக்காசின் ஓரத்தால் நடுமுதுகிலிருந்து விலாப் பக்கமாகச் சுரண்டுவது. வரிவரியாகச் செக்கச்செவேலென்று எழும்பும். நோவு உள்ளவர்களுக்கு அது சுகமாக இருக்குமாம். நோவு இல்லாதவளுக்கு எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்த வரிகள் சட்டைக் கழுத்துக்கு மேலே கொஞ்சம் தெரிய வேண்டும். உம்மா சுரண்டுவாள், நான் அழுவேன், உம்மாவும் அழுவாள். நல்ல பிள்ளையைப் போட்டுச் சுரண்டுகிறோமே என்று அவள் அழுதிருக்கிறாள். நான் சாகப்போவதால் அழுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

என் கணக்கு இப்படிப் போனது. மாமாவுக்கு ஏதோ ஒட்டுகிற வியாதி. வெளியே தெரிந்தால் மானக்கேடு. அதனால்தான் பரணில் அடைத்து வைத்து, மூச்சு விடாதே என்கிறார்கள். அவருக்குப் போடுகிற அதே எண்ணெயை எனக்கும் போடுகிறார்கள் என்றால் அது எனக்கும் ஒட்டிவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் ஏணியை எடுத்துவைத்து என்னையும் மேலே ஏற்றிவிடுவார்கள். ஏணி இருந்த மூலைப் பக்கமே நான் பார்க்கமாட்டேன்.

தையல்காரி தினமும் வருவாள். வாய்த்துடுக்குக்காரி. அவர்கள் பேசியதெல்லாம் வியட்நாம் பாஷையில்தான். இத்தனை வருஷம் கழித்து எனக்கு அது தமிழாகவே கேட்கிறது.

"புள்ளைய வளக்குறியா, ஊறுகா போடுறியா? மூடி போட்டு வெச்சா ரெண்டு வருஷம் கெடாது போல" என்றாள் ஒருநாள்.

மேலே பரணில் பலகை லேசாகக் கிறீச்சிட்டது. மாமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறார். அன்றைக்குக் கடை சாத்தியதும் பலகை ஓட்டை வழியாக ஒரு நூல் இறங்கியது. அதில் நான் வேர்க்கடலை மிட்டாயைக் கட்டிவிடுவது வழக்கம். நூலோடு குரலும் இறங்கியது. "ஏய் ஊறுகா, மிட்டாயில எண்ணெ வாடை அடிக்குது. கைய கழுவிட்டுக் கட்டு." அதிலிருந்து நான் அவருக்கு ஊறுகாய்தான். நூலைத் தொட்டால் ஒட்டுமோ என்று எனக்கு உள்ளுக்குள் உதறும். தொட்ட விரலைப் பாவாடையில் துடைத்துக்கொள்வேன். அதை அவர் ஓட்டை வழியாகப் பார்த்தாரா என்று இப்போது கவலைப்படுகிறேன்.

இப்படி நாலு மாதம் போயிற்று.

அந்த வெள்ளிக்கிழமை காலை சுரண்ட வேண்டிய நாள். உம்மா காசை எடுத்துக்கொண்டு வந்தாள், என் முதுகைத் தடவிப் பார்த்தாள், காசைத் திரும்ப மடியில் முடிந்துகொண்டாள். "இன்னைக்கு வாணாம். நாளைக்குப் பாத்துக்குவோம்." வாழ்க்கையில் அவள் காட்டிய இரக்கங்களில் அந்த ஒன்றுக்காகத்தான் அவள் தன்னை மன்னிக்கவே இல்லை.

நான் செய்தது வேறு. வாப்பா தொழுகைக்குக் குளித்துவிட்டுப் போன பிறகு குளியலறையில் அவருடைய வாசனைச் சோப்பு ஈரமாகக் கிடந்தது. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. வாசனை போய்விட்டால் வியாதியும் போய்விடும். கழுத்துத் துண்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு, தலைமுடி, நெற்றி, கழுத்து, உள்ளங்கால் எல்லாம் மூன்று தடவை தேய்த்துக் குளித்தேன். நாலு மாதத்தில் முதல் தடவையாக என் கை கையாக மணத்தது. சந்தோஷமாக வந்து முக்காலியில் உட்கார்ந்தேன். உம்மா தையல்காரிக்குத் துணி கிழித்துக்கொண்டிருந்தாள், கவனிக்கவில்லை.

வெள்ளைச் சட்டை போட்ட போலீஸ்காரர்கள் இருவர் உள்ளே வந்தார்கள். வீட்டில் யார் யார் என்று எழுதியிருக்கும் குடும்பச் சீட்டைப் பார்க்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமை மதியம் அந்தத் தெருவின் தமிழ்க் கடைகளில் ஆண்கள் இருக்கமாட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும். மூத்தவர் சீட்டை வாங்கிப் படித்தார். இளையவர் நடுக்கடையில் நின்று மூச்சை இழுத்தார்.

"நல்ல ச்சாம் எண்ணெ. எங்கம்மா வீடு ஞாபகம் வருது. யாருக்கு உடம்பு சரியில்ல அக்கா?"

"மகளுக்கு" என்றாள் உம்மா. "நாலு மாசமா."

"ஐயோ, நாங்க பயப்படாத நாள் இல்ல" என்று தையல்காரி எடுத்துக் கொடுத்தாள். "இந்தப் புள்ள பக்கத்துல வந்தாலே எனக்குச் சளி தெளிஞ்சிடும்." அவளுக்கு எதுவும் தெரியாது என்றுதான் அதுவரை எல்லோரும் நினைத்திருந்தோம். குரல் நடுங்கியதில் அவளுக்கும் தெரியும் என்பது தெரிந்தது.

இளையவர் என்னைக் கையால் கூப்பிட்டார். போனேன். குனிந்து என் தலையை முகர்ந்தார். பிறகு என் உள்ளங்கையை.

"சோப்பு வாசம்தான் வருது" என்றார், என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. "ஒனக்கு என்ன செய்யுது பாப்பா?"

வியாதி இருக்கிறது என்று சொன்னால் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். அல்லது வீட்டிலேயே பரணில் ஏற்றிவிடுவார்கள். "எனக்கு ஒண்ணுமில்ல" என்றேன். "நான் நல்லா இருக்கேன். எனக்கு ஒட்டல."

உம்மாவின் கையிலிருந்த கத்தரி துணியிலேயே நின்றுவிட்டது. "பயத்துல சொல்றா தம்பி. முதுகப் பாருங்க." ஓடிவந்து என் சட்டையைத் தூக்கினாள்.

அவர் பார்த்தார். அவர் முதுகையும் யாரோ ஒரு அம்மா சுரண்டி வளர்த்திருப்பாள். சட்டையை அவரே மெதுவாக இறக்கிவிட்டார்.

"இது ஆறிப்போனது அக்கா. போன வாரத்தது. எண்ணெ வாசம் இன்னைக்குள்ளது."

மாமா இருமவே இல்லை, அதை நான் சத்தியம் செய்து சொல்வேன். எண்ணெய் அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தது. நானும் மேலே பார்க்கவில்லை. மாமா இருப்பதை ஒருவரிடமும் சொல்லக் கூடாது என்றார்கள், நான் சொல்லவில்லை. அந்தப் பெருமையோடு தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். இளையவர்தான் மேலே பார்த்தார். என் முக்காலிக்கு நேர் மேலே, பலகை ஓட்டையைச் சுற்றி, உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் கசிந்து கறுத்திருந்தது.

"ஏறுறதுக்கு ஏதாச்சும் இருக்கா அக்கா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

உம்மா அசையவில்லை. தேவையும் இருக்கவில்லை. பரண் பலகை தானாக விலகியது. மாமா குதித்து இறங்கினார். நாலு மாதத்தில் தாடி முளைத்து, வெளுத்து, வெயில் படாத கிழங்கு மாதிரி இருந்தார். அடிக்கவில்லை, திட்டவில்லை. கையைப் பின்னால் கட்டினார்கள், அவ்வளவுதான். உம்மா மூத்தவரின் காலைப் பிடித்துக்கொண்டு கதறினாள். அவர் காலை உருவிக்கொள்ளப் பார்த்தாரே தவிர உதைக்கவில்லை. வாசலில் ஜீப் நின்றது.

எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார்கள்! இனி மாமாவுக்குச் சுகமாகிவிடும். எனக்கு ஒன்றுமில்லை என்பதும் தெரிந்துவிட்டது, திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடம் போகலாம். அடுப்படிக்கு ஓடி, பாதி இருந்த ச்சாம் புட்டியை எடுத்து வந்து மாமாவின் சட்டைப்பையில் போட்டேன். தொடப் பயமாக இருக்கவில்லை.

"சுகமானதும் வந்துடுங்க மாமா."

மாமா என்னைப் பார்த்தார். எனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று அந்த நிமிஷத்தில் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். "சரி ஊறுகா" என்றார்.

வாப்பா தொப்பியோடு வந்தபோது தையல்காரி கிழித்த துணியை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தாள். உம்மா என்னை அடிக்கவில்லை. என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. குளித்ததற்குக் கோபம் என்று நினைத்தேன்.

பள்ளிக்கூடமும் நடக்கவில்லை. நாலு மாதம் வராதவள், என்ன வியாதி, ஒட்டாது என்று டாக்டர் சீட்டு கொண்டு வா என்றார்கள். இல்லாத வியாதிக்கு எந்த டாக்டர் சீட்டு கொடுப்பார்? வாப்பா இரண்டு இடத்தில் கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். என் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. இந்தத் தமிழெல்லாம் பின்னால் காரைக்காலில் வந்து எழுத்துக்கூட்டிப் படித்தது.

புத்தாண்டுக்கு முன்னால் எல்லாக் கடனையும் அடைத்துவிடுவது அந்த ஊர் வழக்கம். பழைய பாக்கியோடு வருஷம் பிறந்தால் ஆகாது. எண்ணெய் வாங்கிய சீனத்து மருந்துக்கடைக்காரர் துண்டுச்சீட்டோடு வந்தார். அரிசிக்கடை, நூல்காரன், எல்லோருக்கும் பியாஸ்தர் நோட்டுகளை எண்ணிக்கொடுத்த உம்மா இவருக்கு மட்டும் கொடுக்கவில்லை. பணத்தோடு நீண்ட வாப்பாவின் கையைத் தள்ளிவிட்டாள். "அவன் வந்தா மறுபடி வாங்கணும். சேத்துத் தர்றேன்."

"ஆஸ்பத்திரியில எண்ணெ சும்மாவே குடுப்பாங்க உம்மா, இத அடச்சிடலாம்" என்று நான் யோசனை சொன்னேன். கடைக்காரர் என்னையும் உம்மாவையும் மாறிமாறிப் பார்த்தார். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு பட்டாளத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. பின் யுவோங் என்ற ஊர்ப் பக்கத்துக் காட்டில் மாமாவைக் காணவில்லை என்று வாப்பா படித்துச் சொன்னார். இறந்துபோனதாக எழுதவில்லை, காணவில்லை என்றுதான் எழுதியிருந்தது. ஆஸ்பத்திரிக்குள் ஒரு ஆள் எப்படிக் காணாமல் போவார் என்று நான் ரொம்ப நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மருந்துக்கடைக்காரர் அடுத்த புத்தாண்டுக்கும் வந்தார், அதற்கடுத்ததற்கும் வந்தார். கேட்கமாட்டார். சீட்டைக் காட்டுவார், உம்மா தலையசைப்பாள், மடித்துக்கொண்டு போவார். நாங்கள் அந்த ஊரை விட்டுக் கிளம்பிய அன்றும் பாக்கி அப்படியேதான் இருந்தது. பன்னிரண்டு புட்டி ச்சாம் தைலம், எழுநூற்று இருபது பியாஸ்தர்.