ரோஷினியின் சக்கரங்களுக்கும் விசா கிடைத்தது

ரோஷினி போய்விட்டாள். நேற்று, பிரிஸ்பேனில். மூளையில் ரத்தக்கசிவாம்... அவள் தங்கை போட்ட பதிவைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும்.

அந்தப் பதிவுக்குக் கீழே எத்தனை 'பெஸ்ட் ஃப்ரெண்ட்'கள்! படிக்கப் படிக்க அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இங்கே ஃபிஜியில், நசினுவில் அவளோடு ஒரே கவுன்டரில் வருஷக்கணக்காக நின்றவள் நான்.

தமிழில் எழுதுகிறேன். எங்கள் சொந்தக்காரர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இதைப் படிக்கத் தெரியாது. அதுவும் நல்லதுதான்.

ஜப்பானிலிருந்து வரும் பழைய கார் அலாய் வீல்களை விற்கும் கடை அது. எல்லோரும் இந்தி பேசுகிற இடத்தில், எங்கள் இருவரிடம் மட்டும் வீட்டிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த கொஞ்சம் தமிழ் இருந்தது. வாடிக்கையாளரை எதிரில் வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேச அது போதும்.

2006-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அந்தத் தமிழுக்கு நிறைய வேலை வந்தது. வெளிநாடு போகிறவர்கள் காரை விற்கும் முன் அலாயைக் கழற்றித் தனியாக விற்பார்கள். காரில் பழைய இரும்பு ரிம்மைத் திரும்ப மாட்டிவிடுவார்கள். யார் கிளம்புகிறார் என்று ஊருக்குத் தெரியும் முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும்.

"டீச்சரும் கெளம்பிட்டாங்க டீ," என்பாள் ரோஷினி, முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

"போன வாரம்தான் இந்த மண்ண விட்டு எங்கயும் போகமாட்டேன்னு சொன்னாங்க."

"மண்ணு இங்கதான இருக்கப்போவுது. ரிம்மு மட்டும் நம்மகிட்ட."

ஒருநாள் கன்டெய்னரில் ஒரு செட் வந்தது. ஐந்து ஆரக்கால், கருஞ்சாம்பல் நிறம். நான்கையும் பேலன்ஸ் மெஷினில் சுழற்றிப் பார்த்தேன், துளி ஆட்டம் இல்லை. உள்பக்கம் முழுக்க விரலால் தடவினேன், விரிசல் இல்லை. என் காருக்கென்று ரேக்குக்குப் பின்னால் தார்ப்பாயில் மூடிவைத்தேன்.

கோயிலில் தீமிதி என்று நான் லீவு போட்ட சனிக்கிழமை, ரோஷினி அதை பாஸிடம் கேட்டு வாங்கிவிட்டாள். மூடிவைத்தது நான்தான் என்று அவளுக்குத் தெரியாது என நினைத்தேன். நானும் வாய் திறக்கவில்லை.

அதோடு விட்டாளா... "என்ன டயர் போடலாம், சொல்லு டீ," என்று என்னிடமே வந்து கேட்டாள்.

ஒழுங்காகத்தான் சொன்னேன். "அம்பது வேண்டாம், அறுபது போடு. டயரோட பக்கச்சுவர் ஒசரமா இருந்தாத்தான் நம்ம ரோட்டுக் குழியில ரிம்மு தப்பிக்கும்."

"அரே, உனக்கு வயசு இருபத்தஞ்சா, எழுபத்தஞ்சா? அறுபது போட்டா கரும்பு லாரி மாதிரி இருக்கும்."

ஒல்லியான ஐம்பதையே போட்டாள். மழைக்காலம் முழுவதும் நசினு ரோட்டில் ஓட்டினாள். ஒரு ரிம்கூட வளையவில்லை.

வேறொரு செட் வாங்கி, உயரமான டயர் போட்டு, காற்று சரிபார்த்து ஓட்டிய என் ரிம்தான் வளைந்தது. லாமியில், எங்கள் வீட்டுத் திருப்பத்திலேயே. குழிகள்கூட அவளுக்கு வழிவிடுகின்றன என்று நான் உண்மையாகவே நம்பிய காலம் அது.

இருவரும் ஒரே சமயத்தில்தான் ஆஸ்திரேலியாவுக்கு விண்ணப்பித்தோம். எனக்கு இல்லை என்று வந்தது. அவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கும்போதெல்லாம், "ஒண்ணும் வரல டீ."

பிறகு ஒரு காலை, அவளுடைய கார் கடை வாசலில் இரும்பு ரிம்மில் நின்றது.

நான் நேரே உள்ளே போய் அவளைத் தேடினேன்.

அவள் பின்பக்கம் குழாயடியில் உட்கார்ந்து, டயர் கழற்றிய அலாய்களை டூத் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு வாங்குறாங்க?"

"யாரும் இல்ல. எடுத்துட்டுப் போறேன். ஒரு பொட்டு மண்ணு ஒட்டியிருந்தாலும் அங்க உள்ள விடமாட்டாங்களாம்."

பழைய அலாயை ஆஸ்திரேலியாவுக்குக் கட்டிக்கொண்டு போகிறவளை நான் அதுவரை கண்டதில்லை.

"சக்கரத்துக்குக்கூட விசா கெடச்சிடுச்சு," என்றேன்.

அவள் நிமிரவில்லை. "அங்க போய்ப் பழசு வாங்கினா நல்லதா கெட்டதான்னு எனக்கு யாரு பார்த்துச் சொல்வா? இது நீ சுத்திப் பார்த்து மூடிவெச்ச செட்டு. கண்ண மூடிட்டு நம்பலாம்."

தெரிந்தேதான் எடுத்திருக்கிறாள்!

திட்ட வாயெடுத்தேன். ஆனால் அவள் பக்கத்தில் இருந்த டப்பாதான் கண்ணில் பட்டது. "ஆசிட் போடாத. மேல்பூச்சு போயிடும். சோப்புத் தண்ணி போதும்."

பிறகு நானும் ஒரு பிரஷ்ஷோடு உட்கார்ந்தேன். டயர் உட்காரும் விளிம்பில் உப்புக்காற்று பூக்கவைத்திருந்த வெள்ளையைச் சுரண்டினேன். நட்டுத் துளைகளுக்குள் இருந்த சிவப்பு மண்ணைத் தோண்டி எடுத்தேன். என்னை வேண்டாம் என்ற ஊருக்கு, அவளுடைய சக்கரங்களை நானே சுத்தம் செய்து அனுப்பினேன்.

இன்று அவள் தங்கை போட்ட படத்தில் ரோஷினி ஒரு காரில் சாய்ந்து சிரிக்கிறாள். வேறு கார். அதே ஐந்து ஆரக்கால், அதே சாம்பல் நிறம்.

பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் முகத்தை அல்ல. ஒரு கீறல் இல்லை. எங்கும் வெள்ளை பூக்கவில்லை. இங்கே கடலோரத்தில் என்னுடையவை என்ன கதியில் இருக்கின்றன தெரியுமா...

அப்புறம்தான் டயரைக் கவனித்தேன். உயரம். கரும்பு லாரி மாதிரி.

குழியே இல்லாத ரோட்டில் எதுக்கு டீ அறுபது போட்டே?

அந்த செட்டை இனி யார் எடுத்துக்கொள்வார்களோ. கேட்கும் உரிமை எனக்கு இல்லை. ஆனாலும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

போய் வா, ரோஷினி. இந்த முறையும் என்னிடம் சொல்லாமலே.