மணிக்கட்டில் மருதோன்றிப் புள்ளிகள்

தோல் கருகும் மணம் மூக்கில் ஏறிய பின்னும், கருகுவது தன் விரல்கள்தான் என்று அறியாத ஒருத்தி, அந்தக் கையைத் தன்னுடையது என்று எதைக் கொண்டு சொல்வாள்?

எண்பதுகளின் நடுப்பகுதியில், கல்முனையில் எங்கள் அடுப்படியில் நின்றபடி இந்தக் கேள்வியை எதிர்கொண்டேன். கஞ்சி வடிக்கப் பானையைப் பிடித்திருந்தேன். பிடிதுணி விலகியது எனக்குத் தெரியவில்லை. மணம் வந்ததும், அடுப்பில் ஏதோ விழுந்துவிட்டதென்று குனிந்து தேடினேன். தங்கை றஹ்மா ஓடிவந்து பானையைத் தட்டிவிட்டாள். வலது கையின் சுட்டுவிரலும் நடுவிரலும் வெந்திருந்தன. வலி இல்லை.

தொடக்கம் அதற்கு நான்கு மாதங்கள் முந்தியது. மின்சாரம் அடிக்கடி நின்றுபோன காலம். அரிக்கன் லாம்பின் சிமினிக்குள் கையை விட்டுச் சாம்பலால் துடைத்துக்கொண்டிருந்தபோது கண்ணாடி உடைந்து மணிக்கட்டின் உட்புறத்தைக் கிழித்தது. தையல் போட்டார்கள், காயம் அழகாக ஆறியது. விரல்கள் மரத்திருப்பதைச் சொன்னபோது, வீக்கம் வற்றினால் சரியாகும் என்றார்கள். உம்மா நாள்தோறும் எண்ணெய் தடவினார். நான் பட்டம் பெற்றவள். பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் கற்பிப்பவள். சோக்கட்டி விரலிடையிலிருந்து நழுவி விழுந்த நாட்களிலும் தழும்பின் நேர்த்தியைப் பார்த்தே ஆறுதலடைந்தேன்.

விரல்கள் வெந்த பிறகுதான் கொழும்புக்குப் போனேன். அங்கே சத்திரசிகிச்சை நிபுணர் என்னைக் கண்களை மூடச் சொன்னார்.

"இப்ப குத்துறனோ?"

இல்லை என்றேன். கண்ணைத் திறந்தபோது நடுவிரலில் ஒரு துளி இரத்தம் நின்றது.

அறுந்திருந்தது நடு நரம்பு (பெருவிரல் முதல் மோதிரவிரலின் பாதி வரை உணர்வைக் கொண்டுசெல்வது). முனைகள் விலகிப்போயிருந்தன, பழுதான பகுதியை வெட்டி நீக்கினால் இடைவெளி இன்னும் கூடும். வழக்கமான வழி, கெண்டைக்காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்து இடையில் ஒட்டுவது. அப்படிச் செய்தால் பாதத்தின் வெளிவிளிம்பு மரத்துப்போகும். இன்னொரு வழி புதியது: சிலிக்கோன் குழாய் (உடல் ஏற்கக்கூடிய, இறப்பர் போன்ற பொருளாலான சிறு குழல்). அறுந்த முனைகளை அதன் இரு வாயிலும் வைத்துத் தைத்துவிட்டால், நரம்பிழைகள் உள்ளே வளர்ந்து மறுமுனையை அடையும் என்பது எதிர்பார்ப்பு.

"உலகத்திலயே கொஞ்சப் பேருக்குத்தான் செய்திருக்கினம், பிள்ளை. சரிவரும் எண்டு நான் உறுதி தரேலாது."

"சரிவராட்டி?"

"திரும்பத் திறக்கவேணும். அதுக்குள்ள பெருவிரல் தசை இன்னும் வத்திப்போகும். கால் நரம்பு அப்பவும் இருக்கும்."

இரண்டு நாட்கள் யோசித்தேன். மரத்த உறுப்போடு வாழ்வது என்னவென்று அறிந்த பிறகு, இன்னொன்றை உண்டாக்கிக்கொள்ள எனக்குத் துணிவு வரவில்லை. குழாயைத் தெரிவு செய்தேன். அது துணிவென்று பிறகு சிலர் சொன்னார்கள். அச்சம்தான்.

குழாயை வைத்துத் தைத்த பின், வீடு திரும்புமுன் நிபுணர் ஒரு சோதனையைக் கற்றுத்தந்தார். தழும்பிலிருந்து விரல்களை நோக்கி மெல்லத் தட்டிக்கொண்டு வர வேண்டும். வளரும் நுனி எங்கே இருக்கிறதோ, அங்கே தட்டும்போது விரல்களில் மின்சாரம் பட்டதுபோல் ஒரு கூச்சம் ஓடும். நரம்பு வளர்வது நாளுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவே. குழாய்க்குள் அதைவிடத் தாமதமாகலாம். கூச்சம் எழும் இடத்தைப் பேனையால் குறித்து வரச் சொன்னார்.

கட்டு அவிழ்ந்ததும் குறிக்கத் தொடங்கினேன். ஐந்து வேளையும் ஒளுச் செய்யும்போது, தொழுகைக்காகக் கழுவும் அந்தக் கையில் மை நிலைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் நினைவிலிருந்து குறித்தேன்; ஆசையும் சேர்ந்து குறித்தது. சில வாரங்களில் என் கணக்குப்படி நரம்பு உள்ளங்கைக்கு வந்துவிட்டது.

"ராத்தா, உங்கட புள்ளி கொழும்பு பஸ்ஸ விட வேகமாப் போகுது," என்றாள் றஹ்மா. "பேனை ஒளுவில போயிரும், மருதோண்டி போகாது. நீங்க கண்ண மூடுங்க, நான் தட்டுறன்."

உம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "பெருநாளுமில்ல, கலியாணமுமில்ல. கேக்கிற சனத்துக்கு என்னத்தச் சொல்லுற?"

"நரம்புக்குக் கலியாணம் எண்டு சொல்லுங்க உம்மா," என்றாள் றஹ்மா.

வெள்ளிக்கிழமைதோறும் தட்டுவதென்று முடிவானது. முதல் வெள்ளி, கண்களை மூடியிருந்த எனக்குத் தழும்பின் விளிம்பில் மட்டும் கூச்சம் எழுந்தது. உள்ளங்கை வரை நான் கொண்டுபோயிருந்த நரம்பு அங்கே இல்லை. றஹ்மா ஈர்க்கு முனையால் தழும்போரம் ஒரு புள்ளி வைத்தாள். அடுத்த வெள்ளியும் அதே இடம். ஐந்து வெள்ளிகள் புள்ளியின் மேலேயே புள்ளி விழுந்தது. அந்த இடம் கறுத்தது. நிபுணரிடம் மீண்டும் காட்டுவதற்குக் குறித்த நாளில் சண்டையால் வீதி மூடப்பட்டிருந்தது; பஸ் ஓடவில்லை. கேட்பதற்கு எவருமில்லை. தோலுக்கடியில் குழாயைத் தடவிப் பார்ப்பேன். என் உடம்புக்குள் இருந்த ஒரு மூடிய அறை போலிருந்தது அது. உள்ளே வளர்கிறதா, அழுகுகிறதா என்று அறிய வழியில்லை. தொழுகையில் கையேந்தும்போது வலது உள்ளங்கையைப் பார்க்காமலிருக்கப் பழகினேன்.

ஆறாவது வெள்ளி, றஹ்மா தட்டிக்கொண்டே வந்தாள். நடுவிரலில் சுரீரென்றது.

"அதுதான். பழைய இடம்தானே?"

அவள் திரும்பத் தட்டினாள். திரும்பவும் சுரீரென்றது.

"இல்ல ராத்தா. புள்ளிக்கு இஞ்சால, விரல் பக்கம். ஒரு நெல்லுமணி நீளம் வரும்."

கண்ணைத் திறக்கப் பயந்தேன். உம்மாதான் வந்து குனிந்து பார்த்தார். "ஓம், புள்ள," என்றார். பிறகு மருதோன்றிக் கிண்ணத்தைத் தாமே எடுத்து என்னருகில் வைத்தார்.

அதன்பின் புள்ளிகள் நகர்ந்தன, சில வாரங்கள் நின்றும் நின்றும். பழையவை மங்க, புதியது சிவந்திருக்கும். விரல் நுனியை எட்ட ஓராண்டுக்கு மேலாயிற்று. இதே நிலையில் இருப்பவர்களிடம் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: ஆறிய தோலை நம்பாதீர்கள். வெட்டுப்பட்ட அன்றே கண்களை மூடிக்கொண்டு, விரல் நுனிகளை வேறொருவரைத் தொடச் சொல்லிப் பாருங்கள்.

குழாய் இன்னும் உள்ளே இருக்கிறது. குளிர்ந்த நீர் பட்டால் அதன் நீளம் முழுவதும் எனக்குத் தெரிகிறது. சூட்டை அந்த இரு விரல்களும் அறிகின்றன, ஆனால் சற்றுப் பிந்தி. ஆகவே எந்தப் பாத்திரத்தையும் இப்போது முதலில் இடது கையால் தொட்டுப் பார்த்துவிட்டே தூக்குகிறேன்.