கங்காணி எண்ணிய தொப்பிகள்

“ஆள எண்ணத் தெரியாத நீ, படை நடத்தப் போறியாக்கும்?” என்று பெரியப்பா கேட்டார். வாய் நிறைய பிஸ்கட் இருந்ததால் பாதிதான் வெளியே வந்தது. அந்தப் பாதியே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் கங்காணி. என் அம்மா அவர் கீழ் வேலை செய்கிறவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் வீட்டில் தேநீர் குடித்து, எல்லாரையும் குறை சொல்லிவிட்டுப் போவது அவர் வழக்கம். அன்று என் முறை.

நான் காத்திருந்தது ஒரு கணினி விளையாட்டுக்காக. கடல் தாண்டி வந்த படை கடாரத்தைத் தாக்கிய பழைய போரை வைத்துச் செய்கிறார்கள். கப்பல், யானை, மழை எல்லாம் உண்டு. முழு விளையாட்டு வர இன்னும் மாதங்கள் ஆகும். இப்போது ஒரே ஒரு மலைப்போரை மட்டும் வெள்ளோட்டமாக விட்டிருந்தார்கள். அதில் வென்று, வென்ற விதத்தைப் பதிவுசெய்து அனுப்பினால், சிலரைத் தேர்ந்தெடுத்து எல்லாருக்கும் முன்னால் முழுவதையும் ஆடிப் பார்க்க விடுவார்களாம். அந்த இடம் எனக்கு வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளியின் கடைசிப் படியான ஆறாம் படிவம் வரை முதலில் போனவள் நான். பல்கலைக்கழகத்துக்குள் முதலில் கால் வைத்தவளும் நான். முதல் ஆளாக இருந்து பழகிவிட்டது.

ஆனால் ஏழு முறை தோற்றிருந்தேன். மலை உச்சியில் என் கடாரத்து வீரர்கள் நாற்பது பேர். கீழே ஆற்றோரம் எதிரிகள் நூறு பேர், அவர்களுக்குப் பின்னால் கப்பல்கள். இறங்கினால் சாவு, இறங்காவிட்டால் பட்டினி.

“பதினேழு வருசம் மலையில ஆளு நிறுத்தியிருக்கேன். ஒரு தல கொறஞ்சாலும் எனக்குத் தெரியும்லா,” என்றார் பெரியப்பா, கடைசி பிஸ்கட்டை எடுத்துக்கொண்டே.

அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு அது ஞாபகத்துக்கு வந்திருக்காது.

புல் வெட்டும் நாட்களில், கொழுந்து பறிக்கும்போது போல எடைக்குக் கூலி கிடையாது, நாள் சம்பளம். அதனால் தலைக்கணக்குதான் எல்லாம். குனிந்து வெட்டுகிறவர்களின் தொப்பி மட்டுமே தேயிலைக்கு மேலே தெரியும். பள்ளி விடுமுறையில் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன எனக்கு அப்போது எட்டு வயது. மூடுபனி இறங்கியதும் அம்மாவும் மற்றப் பெண்களும் குச்சிகளைச் செடிகளுக்கு நடுவே குத்தி, அவற்றில் தொப்பிகளை மாட்டினார்கள். பிறகு ஓடைப் பள்ளத்தில் போய் உட்கார்ந்து, அவித்த சோளம் தின்றபடி ஊர்க்கதை பேசினார்கள். கீழே சாலையில் பெரியப்பா நின்று, விரலை நீட்டி நீட்டி எண்ணினார். “பதினொண்ணு. சரி,” என்று நோட்டில் எழுதினார். மலையில் அப்போது ஒரு மனிதர்கூட இல்லை. நான் கற்ற முதல் போர்த்தந்திரம் அது. கூடவே ஒரு சோளமும் கிடைத்தது.

எட்டாவது முறை கொடிகளையும் கூடாரங்களையும் உச்சியிலேயே விட்டேன். பனி இறங்கும் வரை பொறுத்திருந்து, நாற்பது பேரையும் பின்பக்கப் பள்ளத்தின் வழியாக இறக்கினேன். எதிரிகள் கொடிகளைப் பார்த்தபடியே நின்றார்கள். கப்பல்கள் அத்தனையும் எரிந்தன.

அடுத்த ஞாயிறு பதிவைப் பெரியப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். மூக்கு திரையில் படும் அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

“என்னா இவன், சும்மா கொடியவே பாத்துக்கிட்டு நிக்கிறான்? கீழ ஆளு இருக்கான்னு ஏறிப் போயி பாக்க வேணாமா? மடப்பய!”

அம்மாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. தேநீர்க் கேத்தலைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

“நீங்களா இருந்தா என்னா செஞ்சிருப்பீங்க, பெரியப்பா?” என்று கேட்டேன்.

“நானா? நான் தலைய எண்ணுவேன்!”

அடுப்படியில் ஏதோ கீழே விழுந்தது.

“ஆனா எதிரி முட்டாளா இருந்ததுனாலதான் நீ ஜெயிச்சே. அவங்க ஒன்ன எடுக்கட்டும், அப்ப ஒத்துக்குறேன்,” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: இந்த யோசனை உங்களுக்கு எப்படி வந்தது? தேர்வானவர்களின் பதிலை எல்லாரும் படிக்கும்படி வெளியிடுவார்களாம். முதலில், வரலாற்று நூல்களைப் படித்து வந்தது என்று எழுதினேன். பரிசளிப்பு விழாப் பேச்சு மாதிரி இருந்தது. அழித்தேன். உண்மையை எழுதினால்தான் எடுப்பார்கள். உண்மை அம்மாவுடையது. அதனால் அம்மாவிடமே கேட்டேன்.

“யாரு படிப்பா?”

“உலகம் பூரா.”

“ஒலகம் படிச்சா படிக்கட்டும். ஒங்க பெரியப்பா?”

“இங்கிலீஷ்லதான்மா எழுதுறேன்.”

“அவருக்கு போன்ல அத தமிழாக்கத் தெரியும்லா. தோட்டத்துத் துரை இங்கிலீஷ்ல அனுப்புறத எல்லாம் அப்படித்தான் படிக்கிறாரு.”

பதினேழு வருட ஓடைப் பள்ளத்து ரகசியம் அம்மாவின் கையில் இருந்தது; என் இடமும் அதே கையில்தான் இருந்தது. அம்மா காய்ந்த துணிகளை மடித்து முடித்தார். கடைசியாக இருந்தது வேலைக்குப் போடும் தொப்பி. அதை இரண்டு தட்டுத் தட்டி என்னிடம் நீட்டினார்.

“எழுது. கெட்டிக்காரத்தனம் எங்களோடதுன்னும் எழுது. கொடியப் பாத்தே புரியாதவருக்கு இது புரியவா போவுது? எந்த மலைன்னு மட்டும் எழுதிறாத. வியாழக்கெழம அங்க புல்லு வெட்டு இருக்கு.”

வீட்டுக்குப் பின்னால் இருந்த மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே ஒரு குச்சியைக் குத்தி, அம்மாவின் தொப்பியை மாட்டிப் படம் எடுத்தேன். தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே யாரோ குனிந்து நிற்பது போலத்தான் இருந்தது. எந்த மலை என்பதை மட்டும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் எழுதி, படத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டேன்.